சும்மாதானே கிடக்கு!

ஐரோப்பாவில் கொஞ்சம் வசதியான ஆட்களுக்கு வருஷா வருஷம் ஒரு கவலை வரும். குளிர்காலத்தில் படகை எங்கே விடுவது?

இவர் இருப்பது லண்டனிலோ பெர்லினிலோ. படகு இருப்பது கிரீஸிலோ துருக்கியிலோ. கோடையில் நாலு வாரம் பாய்மரம் விரித்துச் சுற்றிவிட்டு, அக்டோபரில் ஆபீஸுக்குத் திரும்ப வேண்டும். படகைக் கூடவே எடுத்துப் போக முடியாது. அதனால் அங்கேயே ஒரு யார்டில் ஒப்படைக்கிறார். கிரேன் வைத்துத் தண்ணீரிலிருந்து தூக்கி, முட்டுக் கொடுத்து நிறுத்தி, இன்ஜினில் இருக்கும் உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பேட்டரியைக் கழற்றி, பாயைச் சுருட்டி, மேலே தார்ப்பாய் போட்டு மூடி... அப்புறம் விமானம் ஏறுகிறார். ஏறுவதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் பத்திரத்தை இன்னொரு தடவை படித்துக்கொள்கிறார்.

'காஞ்சிபுரத்துக்காரனுக்கு இந்தக் கதை எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இருந்த கடற்கரையும் அதோடு போய்விட்டது. எங்களுக்கு மிச்சம் கோயில் குளங்கள்தான். அதில் மிதக்கிற ஒரே படகு தெப்பம். அதற்கு யாரும் இன்ஷூரன்ஸ் எடுத்து நான் பார்த்ததில்லை!

ஆனால், படகைத் தள்ளிவைத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் இருப்பது ரொம்பப் பழைய ஒரு கேள்வி. நம் பொருளை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறோம். நாம் பக்கத்தில் இல்லாத காலத்தில் அதை அவர் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்? அவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? இந்தக் கேள்வியில் காஞ்சிபுரத்துக்கு இருக்கும் அனுபவம் எந்தத் துறைமுகத்துக்கும் இருக்காது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். பி.காம். படித்தவர்களுக்கு 'மெர்க்கண்டைல் லா' பேப்பர் ஞாபகம் இருக்கும். அதில் 'பெய்ல்மென்ட்' என்று ஒரு பாடம். பொருளை ஒப்படைப்பது பற்றியது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 148-வது பிரிவிலிருந்து ஆரம்பிக்கும். சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிள் விடுவது, லாண்டரியில் சட்டை போடுவது, கிடங்கில் மூட்டை அடுக்குவது, யார்டில் படகு நிறுத்துவது... எல்லாமே இதில் அடக்கம்.

இதில் 151-வது பிரிவுதான் உயிர்நாடி. சாதாரண விவேகமுள்ள ஒரு மனிதன், அதே சூழ்நிலையில், அதே மாதிரியான தன்னுடைய சொந்தப் பொருளை எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்வானோ, அவ்வளவு அக்கறையாக அடுத்தவர் பொருளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அந்த அளவுக்குப் பார்த்துக்கொண்ட பிறகும் பொருள் கெட்டுப்போனால், தனியாக ஒப்பந்தம் எதுவும் இல்லாத வரை, அவன் பொறுப்பில்லை. வள்ளுவரும் நடுவு நிலைமை அதிகாரத்தில் வியாபாரிகளுக்கு ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருக்கிறார். அடுத்தவர் பொருளையும் தன் பொருளாக நினைத்துச் செய்வதே நல்ல வியாபாரம் என்று.

இன்ஷூரன்ஸுக்கு வருவோம். 1963-ம் வருஷத்து கடல்சார் காப்பீட்டுச் சட்டம் ஒன்று நம் நாட்டில் உண்டு. அதில் 55-வது பிரிவைப் படித்தால் சிரிப்பு வரும். தேய்மானத்துக்கு நஷ்டஈடு கிடையாது, சாதாரண ஒழுகலுக்குக் கிடையாது, பொருளின் இயல்பிலேயே இருக்கும் கோளாறுக்குக் கிடையாது. அதோடு, எலியால் வரும் சேதத்துக்கும் கிடையாது! நிஜமாகவே, 'எலி' என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். பத்திரத்தில் தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய, எலி கடித்தால் கம்பெனி கை கழுவிவிடும்.

ஏன்? புயல் வருவது யார் கையிலும் இல்லை. எலி வருவது கவனிப்பைப் பொறுத்தது. புயலுக்குத்தான் பணம், கவனக்குறைவுக்கு அல்ல என்பதுதான் அதன் அர்த்தம். அதே சட்டத்தின் 78-வது பிரிவில் இன்னொரு கடமையும் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் எடுத்தவன் நஷ்டத்தைத் தவிர்க்கவும் குறைக்கவும் நியாயமான முயற்சி எடுத்தே ஆக வேண்டும். 'அதான் பாலிசி இருக்கே' என்று காலை ஆட்டிக்கொண்டு உட்கார முடியாது. இன்ஷூரன்ஸ்காரர்கள் இதை அழகாகச் சுருக்குவார்கள்: இன்ஷூரன்ஸ் இல்லாதவன் போல நடந்துகொள்!

வேடிக்கையைக் கவனித்தீர்களா? ஒரு சட்டம், 'இது உன்னுடையது இல்லை, ஆனால் உன்னுடையது போலப் பார்த்துக்கொள்' என்கிறது. இன்னொன்று, 'உனக்கு பாலிசி இருக்கிறது, ஆனால் இல்லாதது போல நடந்துகொள்' என்கிறது. இரண்டுமே நம்மை நடிக்கச் சொல்கின்றன. அந்த 'போல' என்கிற சின்ன வார்த்தையில்தான் எல்லாம் தொங்குகிறது.

பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். கூலிக்கு நெய்கிறவர். தறி அவருடையது. பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளி கொடுத்தது. எடை போட்டு வாங்கி வர வேண்டும், புடவையாகத் திரும்ப எடை போட்டுக் கொடுக்க வேண்டும்.

"மழைக்காலத்துல எப்படிங்க சமாளிக்கிறீங்க?" என்றேன்.

"குழித்தறி சார். ஐப்பசி, கார்த்திகைல குழியில ஈரம் ஏறிடும். பாவு பதமா இருக்காது. தெருவுல பாவு போட முடியாது. வேலை பாதி நின்னுபோயிடும். ஆனா தறியில ஏத்தின பாவு தறியிலதான் இருக்கும். துணி போட்டு மூடி வெச்சிட்டு, ராத்திரியில ரெண்டு வாட்டி எழுந்து பார்ப்போம்."

"எதுக்கு?"

"ஒழுகுதா, எலி வந்துச்சான்னுதான். எலி ஒரு வாய் வெச்சா அத்தனை இழையையும் முடிச்சு போட்டுக்கிட்டு உக்காரணும். பட்டு அவங்களுது சார். கேட்டா பதில் சொல்லணும் இல்ல?"

கிரீஸில் நிற்கும் படகுக்கும் பிள்ளையார்பாளையத்துப் பாவுக்கும் எதிரி ஒன்றேதான். ஆனால் அங்கே யார்டுக்கு மாசா மாசம் வாடகை போகிறது. இங்கே இரவில் எழுந்து பார்ப்பதற்குக் கூலியில் தனிக் கணக்கு கிடையாது. இவருக்கு 151-வது பிரிவைத் தெரியாது. அது சொல்வதற்கு மேலேயே செய்துகொண்டிருக்கிறார்.

*

சரி, 'போல' என்பது தவறினால் என்ன ஆகும்? இரண்டு விதமாகத் தவறலாம்.

ஒன்று, அக்கறை குறைந்து போவது. இதற்கு உதாரணம் தேட கிரீஸ் போக வேண்டாம். ராமேஸ்வரத்திலிருந்து கூப்பிடு தூரம். எல்லை தாண்டி மீன் பிடித்ததாக இலங்கைக் கடற்படை பிடித்த நம் மீனவர்களின் விசைப்படகுகள், வருஷக்கணக்கில் வடக்கு இலங்கையின் துறைகளில் கிடந்தன. மீனவர்கள் சில வாரத்திலோ மாதத்திலோ ஊர் திரும்பிவிடுவார்கள். படகு திரும்பாது. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அப்போது என்ன செய்வார்கள்? படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவார்கள். இரண்டு மாசம் சும்மா நிற்கிற படகுக்கே அவ்வளவு வேலை. யாரும் தொடாமல் மழையிலும் உப்புக்காற்றிலும் இரண்டு மூன்று வருஷம் நின்றால்? விடுவிக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, அவற்றில் பல மிதக்கிற நிலையிலேயே இல்லை. 2022 பிப்ரவரியில் அப்படிப்பட்ட படகுகளை இலங்கை ஏலத்துக்கே விட்டது.

இந்தப் படகுகளில் பலவற்றுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. இருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது. படகுக்கான வழக்கமான பாலிசியில், பறிமுதல், சிறைபிடிப்பு, தடுத்துவைப்பு எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். தமிழக அரசு நிவாரணம் கொடுத்தது. ஆனால் ஒரு விசைப்படகு கட்ட ஆகும் செலவு பல லட்சங்கள், கடனோடு சேர்த்து.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நம் இழுவை மடிகள் அடிக்கடலைச் சுரண்டிக்கொண்டு போவதாலும், தங்கள் வலைகளை அறுத்துவிடுவதாலும் அழுவது யாழ்ப்பாணத்து, மன்னாரத்துத் தமிழ் மீனவர்கள்தான். 2017-ல் இலங்கை இழுவை மடியைத் தடை செய்தது. அவர்கள் கோபம் நிஜம். ஆனால், குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பது ஒன்று. கையில் இருக்கிற பொருளை மக்க விடுவது இன்னொன்று. கோர்ட் சொல்லும் வரை அது யாருடையது என்று முடிவாகவில்லை. முடிவாகாத பொருளை வைத்திருப்பவனுக்கும் ஒரு கடமை உண்டு. நம் ஊர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்து, செடி முளைத்துக் கிடக்கும் பைக்குகளைப் பார்க்கிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இலங்கையை மட்டும் குறை சொல்ல நமக்கு அருகதை இல்லை!

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிர். அக்கறை அதிகமாகிப் போவது. 'என்னுடையது போல' என்பதில் 'போல' காணாமல் போய்விடுவது.

1680-களில் லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் ஒரு காப்பிக் கடை நடத்திக்கொண்டிருந்தார். கப்பல் முதலாளிகளும் பணம் படைத்தவர்களும் அங்கே கூடி, எந்தக் கப்பலுக்கு யார் எவ்வளவு பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். இன்றைய 'லாயிட்ஸ்' இன்ஷூரன்ஸ் சந்தையின் ஆரம்பம் அதுதான்.

ஏறக்குறைய அதே சமயத்தில், 1688-ல், காஞ்சிபுரத்துக்கு ஒரு பயம் வந்தது. மொகலாயப் படை வருகிறது. கோயில் உற்சவ மூர்த்திகளை எங்காவது பத்திரப்படுத்த வேண்டும். கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க இங்கே காப்பிக் கடை இல்லை. வரதராஜப் பெருமாளை, பிணத்தைத் தூக்கிப் போவது போல மறைத்து எடுத்துப் போனார்கள் என்று ஊரில் சொல்வார்கள். போன இடம் உடையார்பாளையம் காடு. அங்கே இருந்த பாளையக்காரர் பெருமாளை ஏற்றுக்கொண்டு பத்திரமாக வைத்திருந்தார்.

பயம் தீர்ந்தது. 'பெருமாளைக் கொடுங்கள்' என்று காஞ்சிபுரத்துக்காரர்கள் போய் நின்றார்கள். பாளையக்காரர் கொடுக்க மாட்டேன் என்றார்!

அவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தங்கத்துக்காகவோ விலைக்காகவோ அவர் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. பல வருஷம் கும்பிட்டுவிட்டார். பாசம் வந்துவிட்டது. அவ்வளவுதான். கடைசியில் ஆத்தான் ஜீயர் கேட்டுக்கொண்டதன் பேரில், ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் தளபதி லாலா தோடர்மல் படையோடு போய் நின்ற பிறகுதான் பெருமாள் திரும்பினார். 1710-ல். காஞ்சிபுரம் கோயில் கல்வெட்டு இந்தக் கதையைச் சொல்கிறது. போனது ஒரு படைக்குப் பயந்து, வந்தது ஒரு படையின் துணையோடு. இடையில் 22 வருஷம்.

ஒப்பந்தச் சட்டம் இதற்கும் ஒரு பிரிவு வைத்திருக்கிறது. 160. காலம் முடிந்தாலோ, எதற்காகக் கொடுத்தார்களோ அந்தக் காரியம் முடிந்தாலோ, கேட்காமலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்தாற்போல் 163-ல் ஒரு பசு உதாரணம் வரும். பார்த்துக்கொள்ளச் சொல்லி உன்னிடம் ஒரு பசுவை விட்டுப்போனார்கள். அது கன்று போட்டது. கன்றையும் சேர்த்துத்தான் திருப்பித் தர வேண்டும்.

பசுவைத் தருவது சுலபம். கன்றைத் தருவதுதான் கஷ்டம். ஏனென்றால் அது பிறந்தது நம் தொழுவத்தில். ராத்திரி முழுக்க விழித்திருந்தது நாம்.

*

இதே ஊரின் இன்னொரு கதையில் முடிவு வேறு. காமாட்சி கோயிலில் இருந்த தங்கக் காமாட்சியும் போர்க் காலத்தில் காஞ்சியை விட்டுக் கிளம்பினாள். பல ஊர் சுற்றி, திருவாரூரில் தங்கி, கடைசியில் தஞ்சாவூர் சேர்ந்தாள். கூடவே போன அர்ச்சகர் குடும்பத்தில் பிறந்தவர்தான் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி. அவள் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் தஞ்சாவூர் மேலவீதியில் பங்காரு காமாட்சியாக இருக்கிறாள். யாரும் படை அனுப்பவில்லை. காஞ்சியிலும் காமாட்சி இருக்கிறாள், தஞ்சையிலும் இருக்கிறாள்.

இது சட்டப்படி சரியா என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தோன்றுகிறது. தஞ்சாவூரில் அவளோடு வழி நெடுக நடந்தவர்கள் இருந்தார்கள். சில சமயம், கொடுத்தவனைவிடக் கூடப் போனவனுக்குப் பாத்தியதை அதிகமாகிவிடுகிறது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. பொருளை வைத்திருப்பவனின் கடமையைப் பற்றியே சட்டமும் பேசுகிறது, நாமும் பேசுகிறோம். கொடுத்துவிட்டுப் போனவனின் கடமை என்ன?

சட்டத்தில் அதுவும் ஒரு வரி இருக்கிறது. 158-வது பிரிவு. கூலி வாங்காமல் பார்த்துக்கொள்கிறவனுக்கு, அதற்காக ஆகும் அவசியமான செலவைப் பொருளுக்குச் சொந்தக்காரன் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது நம் வீடுகளுக்கு வாருங்கள். அண்ணன் நியூஜெர்ஸியில். தங்கை சிங்கப்பூரில். நடுவில் ஒருத்தர் காஞ்சிபுரத்திலேயே தங்கிவிட்டார். அப்பா கட்டிய வீடு அவர் பொறுப்பில். மழைக்கு முன்னால் தளம் பார்ப்பது, கரன்ட் பில், வீட்டு வரி, மாடியில் முளைக்கும் அரசஞ்செடியைப் பிடுங்குவது, அண்ணன் அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் போட்டுவிட்டுப் போன காலேஜ் புத்தகங்களைக் கரையானிடமிருந்து காப்பாற்றுவது... எல்லாம் அவர்தான். பல வீடுகளில் அந்த வீட்டோடு சேர்த்து வயதான அம்மாவும் அவர் பொறுப்பில்தான்.

படகை யார்டில் விடுபவர் வாடகை கொடுக்கிறார், பிரீமியம் கட்டுகிறார், சீசன் வந்தால் டிக்கெட் போட்டு வந்து எடுத்துக்கொள்கிறார். நாம் கூடப் பிறந்தவனிடம் விடுகிறோம். "என்ன... சும்மாதானே கிடக்கு!" என்கிறோம். எதுவும் சும்மா கிடப்பதில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் அது சும்மா கிடப்பது போலத் தெரியும்.

இருபது வருஷம் கழித்துப் பாகம் பிரிக்க உட்காரும்போது, அந்தத் தம்பி கொஞ்சம் முறுக்கிக்கொண்டால், "பாருங்க, வீட்டையே அமுக்கப் பார்க்கறான்" என்கிறோம். சில இடங்களில் அது நிஜமாகவும் இருக்கலாம். நான் மறுக்கவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பாசம், பத்திரம் ஆகாது. ஆனால் அநேக இடங்களில் அவர் கேட்பது வீட்டை அல்ல. 'நீ பார்த்துக்கிட்டே' என்கிற ஒரு வார்த்தையை. அது சொல்லப்படாததால்தான், கன்றும் தொழுவமும் சேர்த்து எனக்கே என்று வாய் வருகிறது.

கரீபியன் கடலில் கிரெனடா என்று ஒரு தீவு. சூறாவளிப் பாதைக்குத் தெற்கே, பத்திரமான இடம் என்று பெயர். சூறாவளிக் காலத்தில் படகை அந்தப் பக்கம் கொண்டுபோய் விடச் சொல்லி இன்ஷூரன்ஸ் நிபந்தனைகளே உண்டு. 2004 செப்டம்பரில் 'ஐவன்' சூறாவளி நேரே அந்தத் தீவின் மேலேயே வந்தது. யார்டுகளில் வரிசையாக முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த படகுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. இடத்தை நம்பினால் அவ்வளவுதான். எந்த இடத்துக்கும் ஒரு நாள் புயல் வரும். நம்ப வேண்டியது அங்கே இருக்கிற ஆளை. அந்த ஆள் நம்ப வேண்டியது, நாம் திரும்பி வருவோம் என்பதை.

இதை ஒரு ஊரே சேர்ந்து செய்து காட்டியது 2019-ல். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தின் அடியில், வெள்ளிப் பேழையில் இருக்கும் அத்தி மரத்து வரதரை, 40 வருஷத்துக்கு அப்புறம் வெளியே எடுத்தார்கள். ஜூலை 1-ல் ஆரம்பித்து 48 நாள். ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்றார்கள். எங்கள் தெருவில் சைக்கிள்கூட நுழைய முடியவில்லை. முடியப் போகும் சமயத்தில், இன்னும் கொஞ்ச நாள் நீட்டிக்கச் சொல்லி ஐகோர்ட் வரை போனார்கள். கோர்ட் தலையிட மறுத்தது. ஆகஸ்ட் 17 ராத்திரி அவர் மறுபடியும் குளத்துக்குள் போனார்.

ஏன் தண்ணீரில் வைத்தார்கள் என்பதற்கு ஊரில் ஒன்றுக்கு நாலு கதை உண்டு. எது நிஜமோ! என்னைக் கவர்வது வேறு. 1979-ல் உள்ளே வைத்தவர்களில் எத்தனையோ பேர் 2019-ல் இல்லை. ஆனாலும் தேதி தவறவில்லை. யாரோ ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொல்லி வைத்திருக்கிறார். பாலிசியை வருஷா வருஷம் புதுப்பிப்போமே, அது போல இந்த ஞாபகத்தை ஒரு ஊர் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அடுத்த தவணை 2059.

நம் வீட்டுப் பொருள் யாரிடமாவது இருக்கிறதா? நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டாம். இந்த ஐப்பசிக்கு முன்னால் போன் போட்டு, தளம் ஒழுகுகிறதா என்று கேளுங்கள். ஒழுகுகிறது என்றால் பணம் அனுப்புங்கள். ஒழுகவில்லை என்றால், அது ஏன் ஒழுகவில்லை என்று கேளுங்கள்.